விசாரித்த வகையில்

ஆத்மநாதனுக்குக் கால்பந்து தெரியாது. ஒரு பக்கம் எத்தனை பேர் ஆடுவார்கள் என்று கேட்டால் யோசிப்பார். முப்பத்தோரு வருடமாக அவர் பார்ப்பது கல்யாணத் தரகு. பெண்ணும் பையனும் இப்போது போனிலேயே பார்த்து, போனிலேயே பேசி முடித்துக்கொள்கிறார்கள். முடித்த பிறகு பெண்ணைப் பெற்றவர்கள் ஆவுடையார்கோவிலுக்கு வந்து அவரைத்தான் கேட்கிறார்கள்: பையன் எப்படி, கொஞ்சம் விசாரித்துச் சொல்லுங்கள். அதனால் வேலைக்குக் குறைவில்லை.

புதுக்கோட்டையில் டைல்ஸ் கடை வைத்திருக்கும் சேவுகன் கூப்பிட்டபோது அவர் அதைத்தான் நினைத்துக்கொண்டு போனார்.

"ஒரு பையன விசாரிக்கணும்ணே."

"பொண்ணு யாரு?"

"பொண்ணு இல்ல. டீமுக்கு."

சேவுகன் மூன்று வருடத்துக்கு முன்பு வெள்ளாறு கால்பந்துக் கழகம் என்று ஒன்றைத் தொடங்கி, மாநில லீகில் சேர்த்திருந்தார். மச்சுவாடியில் ஒரு மாடிவீட்டை வாடகைக்குப் பிடித்து இருபது பேரைச் சம்பளத்துக்கு வைத்திருந்தார். போன வருடம் வெளியூரிலிருந்து ஒரு ஆட்டக்காரன் வந்தான். அணியிலேயே அவன்தான் கெட்டிக்காரன். ஆறு மாதத்தில் அணி இரண்டு கோஷ்டி ஆனது. மூன்று பேர் ராத்திரியோடு ராத்திரியாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பத்து அணிகளில் வெள்ளாறு எட்டாவதாக வந்தது. இன்னும் ஒரு படி கீழே போயிருந்தால் லீகை விட்டே இறக்கியிருப்பார்கள்.

"கால் நல்லாத்தான் இருந்துச்சுண்ணே. ஆளு சரியில்ல" என்றார் சேவுகன். "இந்தத் தடவ விசாரிக்காம எவனையும் எடுக்கிறதில்ல. என் கல்யாணத்துக்கு என்னைய விசாரிச்சது நீங்கதானே?"

"நான்தான்."

"என்ன மறைச்சீங்க?"

"கொறட்டை."

எதிரில் உட்கார்ந்திருந்த பயிற்சியாளர் பிராங்க்ளின் சிரிக்கவில்லை. "சார், எனக்கு மாப்பிள்ளை வேணாம். கோல் அடிக்கிறவன் வேணும். ரிஜிஸ்ட்ரேஷனுக்குப் பத்து நாள்தான் இருக்கு."

பிராங்க்ளின் போனில் ஒரு வீடியோவைக் காட்டினார். பையன் பெயர் கார்முகில். இருபத்திரண்டு வயது, மீமிசல். சென்னையில் ஒரு அணியில் ஆடிக்கொண்டிருந்தவன் பாதியில் ஊருக்கு வந்துவிட்டான். ஏன் என்று அந்த அணியில் கேட்டால், நல்லா ஆடுவான் என்று மட்டும் சொல்கிறார்கள். வீடியோவில் அவன் கோலுக்கு முதுகைக் காட்டியபடி பந்தை வாங்கினான். திரும்பினான். இரண்டு பேர் விழுந்தார்கள். பந்து வலையில் இருந்தது.

ஆத்மநாதன் அதை இரண்டாம் முறை போடச் சொன்னார்.

"யாரும் அவனக் கட்டிப்பிடிக்கலையே" என்றார்.

கோல் விழுந்ததும் கூட ஆடியவர்கள் ஓடிவந்திருந்தார்கள். ஓடிவந்து, ஒரு கை தூரத்தில் நின்று, உள்ளங்கையை மட்டும் தட்டிவிட்டுப் போனார்கள்.

"வேர்வைய்யா" என்றார் பிராங்க்ளின்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஆத்மநாதன் மீமிசலில் இறங்கினார். ஆள் எப்படி என்று அவர் எங்கும் கேட்பதில்லை. யாரோடு பேச்சுவார்த்தை இல்லை என்றுதான் கேட்பார். டீக்கடை, முடிவெட்டும் கடை, ரீசார்ஜ் கடை, வலை தைக்கும் கொட்டகை, இந்த வரிசை மாறாது.

அவரை எல்லோருக்கும் தெரியும். அவர் கார்முகில் பெயரைச் சொன்னதும் டீக்கடைக்காரருக்கு முகம் மலர்ந்தது.

"பொண்ணு எந்த ஊருண்ணே?"

"தெக்க" என்றார் ஆத்மநாதன். பந்து என்று சொல்லி விசாரிக்க அவருக்குத் தெரியவில்லை. கல்யாணம் என்றால் யார் எதைச் சொல்வார்கள், அதில் எவ்வளவு கழிக்க வேண்டும் என்பது தெரியும். ஒரு குடும்பம் கூடுகிறபோது அதைக் கெடுக்க யாரும் வாய் திறக்க மாட்டார்கள். எதிராளிகூடக் கல்யாணம் என்றால் கொஞ்சம் அடக்கித்தான் பேசுவான்.

"தங்கமான பையன். பீடி சிகரெட் கெடையாது. அப்பா குவைத்துல போட்டுல இருக்காரு. ஒரு தங்கச்சி, அறந்தாங்கி காலேஜுல படிக்குது. ஆத்தா எறால் கம்பெனிக்குப் போகுது. கடன் கெடையாது. கொஞ்சம் கோவம் வரும், வயசு அப்புடி."

முடிவெட்டும் கடையில், "வாரத்துக்கு ஒருக்கா தலையக் குடுத்துருவான். அது ஒண்ணுதான் செலவு. கோவம்னு சொல்றாக, எங்கிட்ட வந்ததில்ல. கத்தி எங்கையில்ல இருக்கு."

வலைக் கொட்டகையில் ஒரு பெரியவர் நைலான் நரம்பைப் பல்லால் கடித்தபடி, "கோவம் இருக்கிற எடத்துலதானப்பா கொணம் இருக்கும்" என்றார்.

நான்கு இடத்தில் விசாரித்தார். கோபம் உண்டா என்று அவர் எங்கும் கேட்கவில்லை. மூன்று இடத்தில் பதில் தானாக வந்தது. கேட்காமல் வரும் பதிலை ஆத்மநாதன் தனியாக எடுத்து வைத்துக்கொள்வார்.

பஸ் நிறுத்தத்துக்கு அவர் வந்தபோது வெயில் ஏறியிருந்தது. பின்னாலேயே ஒரு பெண் வேகமாக வந்தாள். கையில் ரப்பர் உறை, அதைக் கழற்றக்கூட நேரமில்லாமல் வந்திருந்தாள். இறால் வாடை அடித்தது.

"நீங்கதானே தரகரு?"

"ஆமாம்மா."

"கார்முகிலுக்கு ஆத்தா. மீனம்மாள்."

"நானே வீட்டுக்கு வரலாம்னுதான்..."

"வர வேணாங்க. எம் மவனுக்குப் பொண்ணு பாக்காதீங்க."

"ரெண்டு வருசம் போகட்டும்ங்கிறீங்களா?"

"இல்லங்க. அடிப்பான்."

அவள் சுற்றிலும் பார்த்துவிட்டுச் சொன்னாள். சித்திரையில் தங்கச்சி ரஞ்சிதா அவனுடைய சார்ஜரை எடுத்துவிட்டாள். அவ்வளவுதான் நடந்தது. கதவு நிலையில் வைத்து அவள் மணிக்கட்டை மடக்கினான். எலும்பு முறிந்த சத்தம் அடுப்படிவரை கேட்டது. பிறகு அவனே பைக்கில் வைத்து அறந்தாங்கிக்குக் கொண்டுபோனான். குளியலறையில் வழுக்கி விழுந்ததாக டாக்டரிடம் அவனே சொன்னான். நான்கு நாள் சோறு தின்னவில்லை.

"அடிச்சுட்டு அழுவான். அதப் பாத்தா நாமதான் அவன அடிச்சுட்டமோன்னு தோணிப்போகும். எவ பெத்த புள்ளையோ, அதுவும் வந்து இதப் பாக்கணுமா? எங்க ரெண்டு பேரோட போகட்டும்."

பெற்ற மகனைப் பற்றி ஒரு தாய் இப்படிச் சொல்லி ஆத்மநாதன் கேட்டதில்லை. தாய்மார்கள் சொல்லும் பொய்யில்தான் அவருடைய தொழிலே நடந்தது. இவளுடைய உண்மையை அப்படியே வாங்கிக்கொண்டு பஸ் ஏறியிருக்கலாம். ஆனால் அது ஏமாற்றி வாங்கியதுபோல இருந்தது.

"அம்மா, நான் கல்யாணத்துக்காக வரல. பந்து ஆடுறதுக்கு. புதுக்கோட்டையில ஒரு டீமு, சம்பளத்துக்கு எடுக்கிறாக. ஆளு எப்புடின்னு பாத்துட்டு வரச் சொன்னாக."

பஸ் வந்தது. அவர் ஏறவில்லை. பஸ் போய்விட்டது.

"அங்கனயே தங்கணுமா?"

"தங்கணும். பத்து மாசம்."

அவள் ஒரு கையுறையைக் கழற்றினாள். "அப்ப நான் சொன்னத விட்ருங்க."

"எப்புடிம்மா விடுறது?"

"பொம்பளப்புள்ள திருப்பி அடிக்காதுங்க. அங்கிட்டு எத்தனை பயலுக இருப்பாக?"

"இருபது."

"ஒருத்தன அடிச்சா நாலு பேரு அடிப்பாக. கத்துக்குவான். இங்கிட்டு இருந்தா எப்பக் கத்துக்கிறது? எம் மவ எப்பப் படிச்சு முடிக்கிறது?" அவள் அடுத்த உறையையும் கழற்றினாள். "நீங்க எதச் சொன்னாலும் சரி. நான் சொன்னேன்னு மட்டும் அவனுக்குத் தெரியக் கூடாது."

அடுத்த நாள் சேவுகன் கடையில், டைல்ஸ் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே நாற்காலி போட்டு மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். பிராங்க்ளின் போனை மேசைமேல் வைத்திருந்தார். அதில் கார்முகில் என்ற பெயர் இரண்டு முறை வெளிச்சமாகி அணைந்தது. தினமும் பேசிக்கொள்கிறார்கள் என்று ஆத்மநாதனுக்குப் புரிந்தது. இங்கே சொல்வது சாயங்காலத்துக்குள் மீமிசல் போய்ச் சேரும்.

"விசாரிச்ச வகையில," என்று அவர் வழக்கம்போல ஆரம்பித்தார், "குடி இல்ல. கடன் இல்ல. பொம்பள சமாச்சாரம் இல்ல. கை ஓங்குவான்."

"யார் மேல?" என்றார் சேவுகன்.

"கூட இருக்கிறவுக மேல."

"யார் சொன்னா?"

அதுதான் கேள்வி. அதைக் கேட்காதவன் விசாரிக்கத் தெரியாதவன். எதிராளி சொன்னால் பாதியைத் தள்ளலாம், பங்காளி சொன்னால் முக்காலைத் தள்ளலாம். தாய் சொன்னால் எதையும் தள்ள முடியாது.

"பேரு சொல்ல முடியாது தம்பி."

"சார்," என்றார் பிராங்க்ளின், "பேரில்லாத புகாருக்கு மொட்டைக் கடுதாசின்னு பேரு. இவனப் பாத்து வயித்தெரிச்சல் புடிச்ச எவனோ சொல்லிருக்கான். அந்த ஊருல பந்து ஆடுற எல்லாப் பயலுக்கும் இவன் மேல காண்டு."

சேவுகன் ஆத்மநாதனையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரிண்ணே. பேரு வேணாம். எடுக்கலாமா, வேணாமா? ஒரே வார்த்தை. ஒங்க வார்த்தைய எடுத்துக்கிறேன்."

இந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை. அவர் இருப்பதைச் சொல்வார், பாதியைச் சொல்லாமல் விடுவார், மோரைக் குடித்துவிட்டு எழுந்துவிடுவார். முடிவு இரண்டு வீட்டாருடையது. நன்றாக வாழ்ந்தால் அவருக்கு வேட்டி, இல்லையென்றால் விதி. குளத்தூரில் ஒரு தெரு வழியாக அவர் போவதில்லை. அங்கே ஒரு பெண் எட்டு மாதத்தில் முன்பல் இரண்டு இல்லாமல் திரும்பி வந்து தையல் கடை வைத்திருக்கிறாள். மாப்பிள்ளை எப்படி என்று அவருக்கு முன்னமே தெரியும்.

வேண்டாம் என்றால் கார்முகில் மீமிசலிலேயே இருப்பான். அந்த வீட்டில், அந்தக் கதவு நிலைக்குப் பக்கத்தில். எடுங்கள் என்றால் இருபது பேர். தாய் போட்ட கணக்கு அவருக்குச் சரியாகத்தான் பட்டது.

"எடுங்க" என்றார். "சின்னப் பயலுக ரூமுல போடாதீங்க. பெரிய ஆளு யாரோடயாவது போடுங்க. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை நான் வருவேன்."

"வந்து?"

"விசாரிப்பேன்."

பிராங்க்ளின் அப்போதுதான் சிரித்தார்.

கார்முகில் வந்தான். ஒல்லியாக, அமைதியாக இருந்தான். ஆத்மநாதனைப் பார்த்ததும் எழுந்து நின்று "வாங்கய்யா" என்றான். கோல்கீப்பர் பிரவீன்குமார் அறையில் அவனைப் போட்டார்கள். பிரவீன்குமார் ஆறடி இரண்டு அங்குலம்.

முதல் வெள்ளிக்கிழமை பிரவீன்குமார் சொன்னான்: "ஃபேன் வேகத்துக்கு மொறைச்சான். நானும் மொறைச்சேன். முடிஞ்சிருச்சுங்க."

மூன்றாவது வெள்ளிக்கிழமை சமையல்காரி சந்தனம் சொன்னாள்: "தட்ட அவனே கழுவி வைக்கிறான்ங்க. மத்ததுக எல்லாம் ராசா வீட்டுப் புள்ளைக."

ஏழு ஆட்டத்தில் அவன் ஒன்பது கோல் அடித்தான். வெள்ளாறு மூன்றாவது இடத்தில் இருந்தது. கடைக்கு வருகிறவர்கள் டைல்ஸ் விலையைக் கேட்கும் முன் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தைக் கேட்டார்கள். இப்படியே ஜெயித்தால் மேல் டிவிஷன். சேவுகன் குறட்டை விடாமல் தூங்குவதாக அவர் மனைவி வனிதா ஆத்மநாதனிடமே சொன்னாள். ஆத்மநாதனும், தரகுக்குப் போகிற வீடுகளில் யாராவது கேட்டால், ஒரு பையனை நான்தான் பார்த்துக் கொடுத்தேன் என்று சொல்லத் தொடங்கியிருந்தார்.

எட்டாவது வெள்ளிக்கிழமை அவர் போனபோது ஆட்டக்காரர்கள் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார்கள். அறிவுமதி மட்டும் இடது கையைத் தொடைமேல் வைத்திருந்தான். அவன் அணியிலேயே சின்னவன். பதினெட்டு முடிந்து இரண்டு மாதம். இடப்பக்க ஓரத்தில் ஓடுகிறவன். இரண்டு விரலைச் சேர்த்துக் கட்டியிருந்தது.

"என்னப்பா கையில?"

"கதவு நசுக்கிருச்சுங்க."

"எந்தக் கதவு?"

"பாத்ரூம் கதவு."

வரிசையில் யாரும் தலை நிமிரவில்லை. ஆத்மநாதன் எழுந்துபோய்க் கதவைப் பார்த்தார். பிளாஸ்டிக் கதவு. நிலையோடு சேராமல் நான்கு விரல் இடைவெளி விட்டு நின்றது. கயிறு போட்டு ஆணியில் மாட்டியிருந்தார்கள். அதில் விரலை வைத்து அவர் சாத்திப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை.

அடுப்படியில் சந்தனம் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் ஒன்றும் கேட்கவில்லை.

"ஒருத்தரு பூட்ஸ இன்னொருத்தரு போட்டுப் பாக்கக் கூடாதாம்ல" என்றாள் அவள், தலையை நிமிர்த்தாமல். "அப்புறம் அவனேதான் வண்டியில வச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். சோறு வேணாங்கிறான். காலையிலேருந்து மாடியில ஒக்காந்து அழுவுறான்."

ஆத்மநாதன் மாடிக்குப் போகவில்லை. கடைக்கு நடந்தார். நடக்கும்போது கணக்கு எங்கே தப்பியது என்று தெரிந்தது. இருபது பேர் இருந்தால் அதில் திருப்பி அடிக்காதவன் ஒருவன் இருப்பான். எட்டு வாரத்தில் கார்முகில் அவனைக் கண்டுபிடித்திருந்தான்.

பிராங்க்ளின் அங்கேதான் இருந்தார். அவருக்கு முன்னமே தெரியும் என்பது உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது. ஆத்மநாதன் அறிவுமதியின் விரலைப் பற்றிச் சொன்னார்.

"யார் சொன்னா?" என்றார் சேவுகன்.

"யாரும் சொல்லல. நான் பாத்தேன். நான் சொல்றேன்."

"அறிவுமதி கதவுன்னு சொல்றான் சார்," என்றார் பிராங்க்ளின். "காலுல ஒண்ணுமில்ல, ஞாயித்துக்கெழம அவனும் ஆடுவான். ரெண்டு பேரும் ஆடட்டும். திங்கக்கெழம ஒக்காந்து பேசிக்குவோம்."

"ரெண்டு நாள்தானேண்ணே" என்றார் சேவுகன். அவர் குரல் கெஞ்சுவதுபோல இருந்தது.

"தம்பி, கல்யாணம் முடியட்டும், எல்லாம் சரியாப் போகும்னு நான் எத்தனை வீட்டுல சொல்லிருக்கேன்னு எனக்கே கணக்கு இல்ல."

"இது கல்யாணம் இல்லைய்யா" என்றார் பிராங்க்ளின்.

"இல்லதான். கல்யாணமா இருந்தா அந்தப் புள்ள யாருகிட்டயாவது சொல்லி அழுகும். இது கதவுங்குது."

சேவுகன் மேசைமேல் இருந்த டைல்ஸ் மாதிரியைத் திருப்பித் திருப்பி வைத்தார். ஒரு லாரிக்காரர் வந்து சீட்டைக் கேட்டார். சேவுகன் கொடுத்தார். லாரிக்காரர் போனார்.

"எடுங்கன்னு சொன்னதும் நீங்கதானேண்ணே."

"நான்தான். தப்பாச் சொல்லிட்டேன்."

"அவன் இல்லாட்டி ஞாயித்துக்கெழம என்னாகும், பிராங்க்ளின்?"

"தோப்போம் சார்."

"சரி" என்றார் சேவுகன். "அனுப்பிருங்க. சம்பளத்த முழுசாக் குடுத்து அனுப்பிருங்க."

பிராங்க்ளின் போனை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே போனார். கண்ணாடிக் கதவு அவருக்குப் பின்னால் கொஞ்ச நேரம் ஆடியது.

இரண்டரை மணிக்கு ஆத்மநாதன் பேருந்து நிலையத்தில் நின்று மீனம்மாளுக்குப் போன் போட்டார்.

"ஆத்மநாதன் பேசுறேம்மா."

அவள் ஏன் என்று கேட்கவில்லை. "கெளம்பிட்டானா?"

"மூணு மணி பஸ்ஸு."

"அறந்தாங்கி வழியா?"

"ஆமா."

"ரஞ்சிதா காலேஜு விட்டு அந்த பஸ்ஸுலதாங்க ஏறுவா." பின்னால் தண்ணீர் கொட்டும் சத்தமும் பெண்கள் பேசும் சத்தமும் கேட்டன. "அவ இன்னைக்கு இங்க வர வேணாம். எங்க அனுப்புறதுன்னுதான் தெரியல."

"எங்க வீட்டுக்கு அனுப்புங்க. ஆவுடையார்கோவில்ல எறங்கித் தரகர் வீடுன்னு கேட்டாச் சொல்லுவாக. இந்த பஸ்ஸு வேணாம், அடுத்ததுல வரச் சொல்லுங்க."

"எத்தன நாளைக்குங்க?"

"மொதல்ல வரட்டும்மா."

பிறகு தன் மனைவி முத்துமாரியம்மாளைப் போனில் கூப்பிட்டார். "ஒரு புள்ள வரும். காலேஜு புள்ள. தங்க வச்சுக்க."

"யாருக்குப் பாத்த பொண்ணு?"

"யாருக்கும் பாக்கல. சோறு போடு."

கார்முகில் தோளில் ஒரு பையோடு வந்தான். கண் சிவந்து வீங்கியிருந்தது. அவரைப் பார்த்தும் பார்க்காததுபோல பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தான். ஆத்மநாதன் ஏறினார். பின்னால் நிறைய இடம் இருந்தது. அவர் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"யாருய்யா சொன்னா?" என்றான் அவன், வெளியே பார்த்துக்கொண்டே.

"நான்."

"அறிவு சொன்னானா?"

"அவன் கதவுன்னான். நான் கதவப் போயிப் பாத்தேன்."

அவன் கைகள் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தன. ஆத்மநாதன் அந்தக் கைகளைப் பார்த்தார். எழுந்து வேறு இடத்துக்குப் போகலாம் என்று ஒரு கணம் தோன்றியது. போகவில்லை. பஸ் கிளம்பியது.

கண்டக்டர் வந்தார். "எங்கண்ணே, ஆவுடையார்கோவிலா?"

"மீமிசல்" என்றார் ஆத்மநாதன். "ரெண்டு."